‘நீங்க என்ன ஆளுங்க?’: பராமரிப்பு வேலைக்கான படிவத்தில் ஒளிந்திருக்கும் தீண்டாமை

(ஆய்வு மாணவர்களும் வீட்டுவேலைத் தொழிலாளர்களும் சேர்ந்து சென்னையில் நடத்திய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதியவர்களையும் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளையும் அவரவர் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். ஹோம் நர்ஸ், அட்டெண்டர், கேர்டேக்கர், ஆயா என்று ஏஜென்சிக்கு ஏஜென்சி பெயர் மாறும். வேலை மாறாது. குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, மூக்குக்குழாய் வழியாக உணவு கொடுப்பது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, இரவெல்லாம் கண்விழிப்பது. இந்த வேலைக்காக ஏஜென்சிகள் நிரப்பச் சொல்லும் விண்ணப்பப் படிவங்களைக் கொஞ்ச காலமாகச் சேகரித்து வருகிறேன். இன்று அந்தப் படிவங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பெயர், வயது, முகவரி, ஆதார் எண், கைப்பேசி எண். இதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை. அதற்குக் கீழே என்ன வருகிறது பாருங்கள். மதம். ‘கம்யூனிட்டி’. சொந்த ஊர், தெருவின் பெயரோடு. சைவமா, அசைவமா? திருமணமானவரா, விதவையா, கணவரைப் பிரிந்தவரா? கணவர் பெயர், கணவர் தொழில். குழந்தைகள் எத்தனை, கடைசிக் குழந்தைக்கு என்ன வயது? மாதவிலக்கு சீராக வருகிறதா? இவற்றில் சில அச்சிட்ட படிவத்திலேயே இருக்கின்றன. சிலவற்றை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வாயால் கேட்டு ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்கிறார். ‘கம்யூனிட்டி’ கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த கேள்வி வரும். “குலதெய்வம் எதும்மா?” அதற்கும் மழுப்பினால், எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பழைய கேள்வி: “சரி, நீங்க என்ன ஆளுங்க?”

நோயாளியைத் தூக்கி உட்காரவைக்கத் தெரியுமா, சர்க்கரை அளவு பார்க்கத் தெரியுமா, இதற்கு முன் பக்கவாத நோயாளியைப் பார்த்திருக்கிறீர்களா என்ற கேள்விகள் பல படிவங்களில் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. ‘முன் அனுபவம்: உண்டு / இல்லை’. அவ்வளவுதான். செய்யப்போகும் வேலைக்கு ஒரு வரி, செய்யப்போகிறவரின் பிறப்புக்கு அரைப் பக்கம்.

இந்தத் தகவலை வைத்து என்ன செய்கிறார்கள்? வேலையே தருவதில்லை என்று நாம் நினைப்போம். பல நேரங்களில் வேலை தருகிறார்கள். எந்த அறைக்குள் அனுப்பலாம் என்பதைத்தான் அந்தக் கட்டம் தீர்மானிக்கிறது.

என் அத்தை ஒருவர் செய்யாறு பக்கத்திலிருந்து வந்து பத்து வருடமாக இந்த வேலை பார்க்கிறார். மூன்று மாதம் வேலை செய்த ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னார். “வாயத் தொறந்து யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. ‘நீ பாட்டிய மட்டும் பாத்துக்கோ, சமையலுக்கு வேற ஆளு வராங்க’ன்னாங்க. கஞ்சிய அவங்களே காய்ச்சி வெளியில வெப்பாங்க. நான் எடுத்துட்டுப் போயி ஊட்டணும். அடுப்புப் பக்கம் மட்டும் போகக் கூடாது.” கவனியுங்கள். அந்தக் கஞ்சியை ஊட்டிய கை அத்தையின் கைதான். அந்தப் பாட்டியின் மலத்தைக் கழுவியதும் அதே கைதான். உடம்பைத் தொடலாம், கழிவைத் தொடலாம், அடுப்பைத் தொடக் கூடாது. ‘சமையலுடன் சேர்த்து’ என்றால் சம்பளம் கூட. அந்த வாய்ப்பு அத்தைக்கு வந்ததே இல்லை. ஏன் என்று அவர் கேட்டதில்லை, ஏஜென்சியும் சொன்னதில்லை. படிவத்தில் ஒரு கட்டம் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது.

அடுப்பு என்றதும் திருமலைக்கவுண்டன்பாளையம் நினைவுக்கு வர வேண்டும். திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி அது. 2018-இல் அங்கே அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்ததுதான். போராட்டம் வெடித்த பிறகே அவரைத் திரும்ப அதே பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. அது அரசுப் பணி. நியமன ஆணை இருந்தது, கேட்க இயக்கங்கள் இருந்தன, செய்தி வந்தது. இதே விலக்கல் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் நடந்தால் யாருக்குத் தெரியும்?

நம் மாநிலத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பிற மாநிலங்களில் பெயரைப் பார்த்தே சாதியைச் சொல்லிவிடலாம். அப்படிப் பெயரை மட்டும் பார்த்து என்ன நடக்கிறது என்பதை 2007-இல் வெளியான சுகதேவ் தோரட், பால் அட்வெல் ஆய்வு காட்டியது. தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. தமிழ்நாட்டில் பெயர் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் இங்கே குலதெய்வத்தையும் தெருவையும் சாப்பாட்டையும் கேட்கிறார்கள். பெயரிலிருந்து நாம் வெட்டி எறிந்தது படிவத்தின் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அதே 2007-இல் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லி வட்டாரத்துப் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசி ஒரு கட்டுரை எழுதினார்கள். சாதி பார்ப்பதில்லை, திறமைதான் பார்க்கிறோம் என்றார்கள் மேலாளர்கள். ஆனால் நேர்காணலில் ‘குடும்பப் பின்னணி’ கேட்பார்களாம். குளிரூட்டிய அறையில் ‘குடும்பப் பின்னணி’, ஏஜென்சி மேசையில் ‘என்ன ஆளுங்க’. கேட்பது ஒன்றைத்தான்.

சரி, இது சட்டவிரோதம் இல்லையா என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல்.

அரசியல் சட்டத்தின் 16ஆவது உறுப்பு வேலைவாய்ப்பில் சாதி, மதப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. ஆனால் அது அரசு வேலைக்கு மட்டும். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது உறுப்பு தனியாரையும் கட்டுப்படுத்தும். அதன் வழியாக வந்த 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, தீண்டாமையின் பேரில் ஒருவரை எந்த வேலையிலிருந்தும் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தமும் இதைச் சேர்த்திருக்கிறது. ஆக, சட்டம் இருக்கிறது. ஆனால் அது தண்டிப்பது தடுத்த செயலை. ‘உன் சாதிக்கு வேலை கிடையாது’ என்று எந்த ஏஜென்சிக்காரர் எழுதிக் கொடுப்பார்? “சொல்லி அனுப்புறோம்மா” என்பார்கள். அந்தச் சொல்லி அனுப்புதல் ஒருநாளும் வராது. வராத அழைப்பை எந்தக் காவல் நிலையத்தில் புகாராகக் கொடுப்பது?

இன்னொரு ஓட்டையும் உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். பராமரிப்பு வேலையில் தலித் கிறித்தவப் பெண்கள் இருக்கிறார்கள். ஏஜென்சிக்காரருக்கு அவர் யார் என்று நன்றாகத் தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு மட்டும் தெரியாது. முஸ்லிம் பெண்ணை மதத்துக்காகவே திருப்பி அனுப்பினால், தனியார் வேலையில் அதைக் குற்றமென்று நேரடியாகச் சொல்லும் பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை.

எனவே நான் வைக்கும் வாதம் இதுதான். மறுப்புக்குச் சாட்சி இருக்காது, கேள்விக்குச் சாட்சி உண்டு. படிவமே சாட்சி. ஆகவே மறுப்பதை மட்டும் தண்டித்தால் போதாது, கேட்பதையே தடை செய்ய வேண்டும்.

இது நம் நாட்டுக்குப் புதிய சிந்தனை இல்லை. நீரா மாத்தூர் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் உதவியாளராகச் சேர்ந்தவர். சேரும்போது பெண்கள் ஓர் உறுதிமொழிப் படிவம் நிரப்ப வேண்டும். மாதவிலக்கு சீராக வருகிறதா, வலி உண்டா, கடைசியாக வந்த தேதி எது, எத்தனை முறை கருத்தரித்தீர்கள், கருச்சிதைவு ஆனதுண்டா என்றெல்லாம் அதில் கேட்டிருந்தார்கள். பிரசவ விடுப்பில் போன அவரை, படிவத்தில் பொய் சொன்னதாகக் கூறித் தகுதிகாண் பருவத்திலேயே வேலையை விட்டு நீக்கினார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. அதோடு நிற்கவில்லை. அந்தக் கேள்விகள் பெண்ணின் கண்ணியத்துக்கு இழுக்கு என்று சொல்லி, அவற்றைப் படிவத்திலிருந்தே நீக்க உத்தரவிட்டது. பொய் சொன்னாரா இல்லையா என்பதைவிட, அதைக் கேட்கும் உரிமை உனக்கு ஏது என்று கேட்டது.

முப்பது வருடம் கழித்தும் பழக்கம் போகவில்லை. 2022 தொடக்கத்தில் ஸ்டேட் வங்கி, மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருக்கும் பெண்கள் பணியில் சேரத் ‘தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள்’ என்று விதி கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே நிறுத்திவைத்தது. வங்கி என்பதால் செய்தி வந்தது. மாதவிலக்கு பற்றி ஒரு ஹோம் நர்ஸிடம் கேட்டால் எந்தச் செய்தியும் வராது.

இரண்டாவது உதாரணம், 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம். எச்.ஐ.வி. இருப்பதற்காக வேலை மறுப்பதை மட்டும் அது தடை செய்யவில்லை. வேலை தர முன்நிபந்தனையாக அந்தப் பரிசோதனையைக் கேட்பதையே தடை செய்தது. தனியாருக்கும் இது பொருந்தும். கேட்டால்தானே ஒதுக்குவாய், கேட்கவே கேட்காதே என்கிற அணுகுமுறை. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 60ஆவது பிரிவும் இப்படித்தான். ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன் உடல்நிலை பற்றிக் கேட்கக் கூடாது. குறிப்பிட்ட அந்த வேலைக்கு அவசியமானதை மட்டும் கேட்கலாம்.

அதே பிரிட்டனில் நடந்த ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். பெர்மிலா திர்க்கி, பீகாரிலிருந்து ஓர் இந்தியக் குடும்பத்தின் வீட்டுவேலைக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் அழைத்துச் செல்லப்பட்ட ஆதிவாசிப் பெண். நாலரை ஆண்டு உழைத்த அவருக்கு 2015-இல் தீர்ப்பாயம் 1,83,000 பவுண்டுக்கு மேல் சம்பளப் பாக்கி வழங்கச் சொன்னது. முந்தைய ஆண்டில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், சாதியும் இனப் பூர்வீகம் என்பதற்குள் வரக்கூடும் என்றது. சாதி பார்ப்பது ஒதுக்குவதற்கு மட்டும் பயன்படுவதில்லை என்பதை இந்த வழக்கில் நான் பார்க்கிறேன். எதிர்த்துப் பேசமாட்டார், சம்பளம் கேட்கமாட்டார் என்று தாங்கள் நினைக்கிற ஆளைப் பொறுக்கி எடுக்கவும் அது பயன்படுகிறது. ‘பணிவான பெண் தேவை’ என்று வாட்ஸ்அப் குழுக்களில் வரும் விளம்பரங்களை அடுத்த முறை இந்தக் கண்ணோடு படியுங்கள்.

பொய் சொல்லலாமா என்பது அடுத்த கேள்வி. களத்தில் சில பெண்கள் என்னிடம் சொன்னார்கள், வேறு சாதி எழுதினோம் என்று. கழுத்தில் தாலி இல்லாதவர், இருப்பதாகச் சொன்னார். 2017-இல் புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மூத்த விஞ்ஞானி ஒருவர் தன் வீட்டில் சமைத்த பெண்மீது காவல்துறையில் புகார் கொடுத்தார். பிராமணர் என்றும் சுமங்கலி என்றும் சொல்லி ஏமாற்றிவிட்டாராம். காவல்துறை வழக்கே பதிந்தது. எதிர்ப்பு வலுத்ததும் புகாரைத் திரும்பப் பெற்றார். சமையல் மோசம் என்று அந்தப் புகார் சொல்லவில்லை. சமைத்தவரின் பிறப்புதான் குற்றம்.

1917-இல் வெளிநாட்டிலிருந்து திரும்பிப் பரோடா சமஸ்தானத்துக்கு வேலைக்கு வந்தார் அம்பேத்கர். தங்க இடம் கிடைக்காமல் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித்தான் தங்கினார். கண்டுபிடித்ததும் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். ஒரு பதிவேட்டில் உண்மையை எழுதினால் கூரை கிடையாது என்றால், அங்கே பொய் எழுதியவரை விசாரிப்பதா, அந்தப் பதிவேட்டை விசாரிப்பதா?

இனி, வழக்கமாக வரும் மறுப்புகளுக்கு வருகிறேன்.

‘வீட்டுக்குள் விடுகிறோம், ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டாமா?’ தாராளமாகத் தெரிந்துகொள்ளுங்கள். அடையாள அட்டை பாருங்கள், முன்பு வேலை பார்த்த வீட்டில் விசாரியுங்கள், காவல்துறைச் சரிபார்ப்புக் கேளுங்கள். இதில் எதற்கும் குலதெய்வம் தேவைப்படாது.

‘நாங்கள் சைவம், அதனால் கேட்கிறோம்.’ உங்கள் வீட்டில் அசைவம் சமைப்பதில்லை, கொண்டுவரவும் கூடாது என்றால் அதை வேலை விதியாகச் சொல்லுங்கள், அவர் ஏற்பாரா மறுப்பாரா என்று கேளுங்கள். அது நியாயம். அவர் தன் வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்பது உங்கள் விஷயம் இல்லை. சைவச் சமையல் தெரியுமா என்பது திறமை பற்றிய கேள்வி. நீ சைவமா என்பது பிறப்பைப் பற்றிய கேள்வி.

‘அப்படியானால் எந்த விருப்பமும் சொல்லக் கூடாதா?’ சொல்லலாம். படுக்கையில் இருக்கும் ஒரு மூதாட்டி, தன்னைக் குளிப்பாட்டப் பெண்தான் வேண்டும் என்றால் அது அவருடைய உடலின் கண்ணியம். இன்ன சாதிப் பெண்தான் வேண்டும் என்பது இன்னொருவரின் உடலை அசுத்தம் என்று சொல்வது.

‘வாடிக்கையாளர் கேட்கிறார், நாங்கள் என்ன செய்ய?’ இது ஏஜென்சிகளின் பதில். வாடிக்கையாளர் வாயால் கேட்டது காற்றோடு போய்விடும். அதற்கு ஒரு கட்டம் போட்டு, வரும் எல்லாப் பெண்களிடமும் பதில் வாங்கி, கோப்பில் வைத்து, கேட்ட வீட்டுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குவது நீங்கள். தீண்டாமைக்குத் தரகு வேலை பார்த்துவிட்டு வாடிக்கையாளரைக் காட்டித் தப்ப முடியாது.

கடைசியாக, இணையத்தில் நம் தோழர்களை மடக்க வீசும் கேள்வி. ‘அரசாங்கமே சாதிச் சான்றிதழ் கேட்கிறதே, அதை முதலில் நிறுத்துங்கள்.’ அரசு கேட்பது இத்தனை காலம் மூடியிருந்த கதவைத் திறக்க. 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது, இனச்சுழற்சி முறை இருக்கிறது, அந்தத் தகவல் எதற்குப் பயன்படும் என்று விதி இருக்கிறது. தனியார் ஏஜென்சியில் இடஒதுக்கீடு இல்லை. பிறகு எதற்குச் சாதி? ஒதுக்கீட்டுக்குப் பயன்படாத தகவல் ஒதுக்குவதற்குத்தான் பயன்படும்.

என்ன செய்யலாம்?

தனியார் துறைக்கும் பொருந்தும் பாகுபாட்டு எதிர்ப்புச் சட்டம் வேண்டும் என்பது பழைய கோரிக்கை. 2006-இல் சச்சார் குழு சம வாய்ப்பு ஆணையம் வேண்டும் என்றது. 2008-இல் மாதவ மேனன் தலைமையிலான நிபுணர் குழு வரைவுச் சட்டத்தையே எழுதிக் கொடுத்தது. அது இன்றுவரை சட்டமாகவில்லை. அதை மீண்டும் கையில் எடுக்கும்போது, வேலைக்கு ஆள் எடுக்கையில் சாதி, மதம், திருமண நிலை, கர்ப்பம், உணவு பற்றிக் கேட்பதே குற்றம் என்ற பிரிவை அதில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. காவலாளிகளை அனுப்பும் நிறுவனங்கள் உரிமம் பெற வேண்டும் என்று 2005-இலேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டது. வாசலில் நிற்பவரை அனுப்ப உரிமம் வேண்டுமென்றால், படுக்கையறையில் நோயாளியோடு இருப்பவரை அனுப்பவும் வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டுவேலைத் தொழிலாளர் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. தொழிலாளர் துறை ஒரு மாதிரிப் படிவத்தை வெளியிடட்டும். என்ன தெரியும், எங்கே வேலை பார்த்தீர்கள், எத்தனை மணி நேரம் முடியும் என்பவை அதில் இருக்கட்டும். மறுபக்கத்தில் தொழிலாளி கேட்கும் கேள்விகளும் இருக்கட்டும். வார விடுப்பு உண்டா? இரவில் படுக்க இடம் எங்கே? நோயாளிக்குத் தொற்று நோய் உண்டா? ஹெபடைடிஸ் பி தடுப்பூசிச் செலவை யார் ஏற்பார்? சமையலறைக்குள் போகலாமா? இந்தக் கேள்விகளுக்கு இன்று எந்தப் படிவத்திலும் இடமில்லை.

சங்கத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், குற்றச் செயல் தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கச் சொல்கிறது. இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு. சாதிக் கட்டமுள்ள ஒரு படிவத்தின் படம் அப்போது வெறும் படமாக இருக்காது.

இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களிடமும் ஒன்று சொல்கிறேன். நம்மில் பலருடைய வீட்டில் பாட்டியோ தாத்தாவோ படுக்கையில் இருப்பார்கள், அல்லது இருக்கப் போகிறார்கள். ஏஜென்சிக்குப் போன் போடும் வேலை வீட்டில் இளையவர்களிடம்தான் வரும். வாடிக்கையாளருக்கும் அவர்கள் ஒரு படிவம் அனுப்புவார்கள். அதில் ‘விருப்பம் ஏதேனும் உண்டா’ என்று ஒரு வரி இருக்கும். அம்மா பக்கத்தில் நின்று மெதுவான குரலில் ஏதோ சொல்வார். அந்த நேரத்தில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த வரியை அடித்துவிட்டு, இப்படி ஒரு கேள்வியை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று ஏஜென்சிக்குத் திருப்பி எழுதுங்கள். வருகிற அக்காவுக்கு அடுப்பு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே காட்டுங்கள்.